ஜிக்குக்கு எந்த முள்? நம்பரை விட்டுவிட்டு வாயையும் கம்பியையும் பாருங்கள்

ஜிக்குக்கு, அதாவது நீரில் ஆட்டி மீனைக் கவரும் எடையுள்ள செயற்கை இரைக்கு, தூண்டில் முள் வாங்கப் போனால் "எத்தனாம் நம்பர்?" என்பதில்தான் பேச்சே ஆரம்பிக்கும். ஆனால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் விவரங்களில் அந்த நம்பரைத்தான் கடைசியாகப் பார்க்க வேண்டும். 10, 8, 6, 4, 2, 1 என்று எண் இறங்க இறங்க முள் பெரிதாகும். 1-ஐத் தாண்டியதும் 1/0, 2/0, 3/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். இந்த வரிசையைப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பின்பற்றுகிறார்கள். ஆனால் 3/0 என்றால் இத்தனை மில்லிமீட்டர் என்று பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களில்கூட 3/0 ஒன்றாக இருக்காது. கம்பித் தடிமனைச் சொல்லும் 2எக்ஸ், 4எக்ஸ் குறிகளும் அப்படித்தான். அந்தந்த நிறுவனத்தின் வரிசைக்குள் ஒப்பிட மட்டும் அவை உதவும்.

ஆகவே இந்த மதிப்பீட்டில் முட்களை மூன்று அளவுகளை வைத்தே பார்த்திருக்கிறோம். முதலாவது வாய், அதாவது முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. இரண்டாவது கம்பியின் தடிமன். மூன்றாவது தண்டின் நீளம். ஒரு வெர்னியர் அளவி கையில் இருந்தால் மூன்றையும் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். அளந்த முட்களை வாயின் மில்லிமீட்டர் எழுதிய சிறு டப்பிகளில் போட்டு வைப்பது நல்லது. நிறுவனம் மாறினாலும் தேர்வு குழம்பாது.

மெட்டல் ஜிக்கும் அசிஸ்ட் ஹூக்கும்

ஜிக்கின் உலோக உடலோடு சேராமல், நூலில் தொங்கும் முள்தான் அசிஸ்ட் ஹூக். முள் உடலோடு இறுக இணைந்திருந்தால், மீன் தலையை உதறும்போது ஜிக்கின் எடையே நெம்புகோலாகி முள்ளைப் பிடுங்கிவிடும். நூலில் தொங்கினால் ஜிக் தன்பாட்டுக்கு ஆடும், முள் மீனின் வாயிலேயே நிற்கும். மீன் ஜிக்கை உறிஞ்சும்போது எடையில்லாத முள் முதலில் உள்ளே போவதும் இதனால்தான்.

அளவைத் தேர்ந்தெடுக்க முதல் விதி: முள்ளின் வாய் ஜிக்கின் அகலத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். முள் ஜிக்கின் மேல் படிந்து கிடந்தாலும் முனை உடலைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். வாயும் ஜிக்கின் அகலமும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் பெரிய தொல்லை. முள் ஜிக்கைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மேலே தூக்கிப் பார்க்கும்வரை அது தெரியாது. அதுவரை போட்ட ஒவ்வொரு இழுப்பும் வீண். வாய் மிகச் சிறியதாக இருந்தால் முனை உடலுக்குப் பின்னால் ஒளிந்து, மீன் கடித்தும் மாட்டாது.

அதற்காக ஒரேயடியாகப் பெரிய முள்ளுக்குப் போகக் கூடாது. பெரிய முள்ளின் எடையும் நீரில் அது தரும் தடையும் சேர்ந்து ஜிக்கின் ஆட்டத்தை அமுக்கிவிடும். ஸ்லோ பிட்ச் ஜிக் (மெதுவாகத் தூக்கித் தூக்கி விழவிடும் முறைக்கானது) விழும்போது இலைபோலப் படுத்துப் படுத்து இறங்க வேண்டும். தடித்த நாலு முட்களைத் தொங்கவிட்டால் அது கல்லைப் போல நேரே போய்விடும்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு சொல்கிறோம். 20 முதல் 40 கிராம் ஜிக்குக்கு 1 அல்லது 1/0. 60 முதல் 80 கிராமுக்கு 1/0 அல்லது 2/0. 100 முதல் 150 கிராமுக்கு 2/0, 3/0. 200 கிராமுக்கு 3/0 முதல் 5/0 வரை. அதற்கு மேல் எடை ஏறும்போது ஜிக்கைவிட மீனைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பெரிய பாரைக்கும் கலவாவுக்கும் 7/0, 9/0 வரை கட்டுகிறார்கள். இந்தக் கணக்கு நீளமான, ஒல்லியான ஜிக்குக்கு. அதே எடையில் குட்டையான, அகலமான ஜிக் என்றால் வாயை அளந்து ஒரு அளவு ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கம்பித் தடிமனில்தான் பலர் தவறுகிறார்கள். "தடித்த முள் வாங்கினால் பயமில்லை" என்ற எண்ணம் பாதிதான் சரி. தடித்த கம்பி எதிர்முள் (முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் நிற்கும் சிறு முள்) மறையும்வரை உள்ளே ஏறப் பெரும் விசை தேவை. மெல்லிய ஸ்லோ பிட்ச் ராடும் 2, 3 கிலோ டிராக்கும் (ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கத் தொடங்கும் இழுவிசை) அந்த விசையைத் தராது. முனை மட்டும் தோலில் தைத்து நிற்கும். மீன் ஒருமுறை திரும்பினால் நழுவிவிடும். மாறாக 8 கிலோ டிராக்கில் மெல்லிய கம்பியைப் போட்டால் வளைவு விரிந்து, முள் பாதி நேராகித் திரும்பி வரும். டிராக் 4 கிலோ வரை மெல்லிய கம்பி, 5 முதல் 8 வரை நடுத்தரம், அதைத் தாண்டினால் தடித்த கம்பி. இந்தப் பொருத்தம் சரியாக இருந்தால் நம்பர் ஒன்று முன்னே பின்னே போனாலும் மீன் தங்கும்.

முன்னால் மட்டுமா, பின்னாலுமா? ஸ்பீட் ஜிக்கிங்கில் ஜிக் மேல்நோக்கி வேகமாக ஏறுகிறது. துரத்தும் மீன் பெரும்பாலும் தலைப்பக்கம் தாக்கும். அதனால் முன்னால் ஒற்றை முள்ளோ இரட்டையோ போதும். பின்னாலும் கட்டினால் வேகத்தில் அது லீடரை (ஜிக்குக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பை) பிடித்துக்கொள்ளும். பாறையிலும் சிக்கும். ஸ்லோ பிட்ச்சில் ஜிக் விழும்போதே கடி வருகிறது, எந்த முனையில் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நான்கும் மெல்லிய கம்பி. இரண்டு முட்கள் மீன் வாயின் வெவ்வேறு இடத்தில் மாட்டினால் சுமை பிரிந்துவிடும். அதனால்தான் மெல்லிய கம்பி அங்கே தாக்குப்பிடிக்கிறது. கல் இடுக்கிலிருந்து கலவாவை முரட்டு டிராக்கில் இழுக்க வேண்டிய இடத்தில் எங்கள் தேர்வு தடித்த ஒற்றை முள்தான். அங்கே முழுச் சுமையும் ஒரே முள்ளின் மேல் விழும் நேரம் கட்டாயம் வரும்.

வஞ்சிரமும் சீலாவும் தனி விஷயம். இரையின் வால்பக்கத்தை ஒரே வெட்டாக வெட்டும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. பின்முள் இல்லாவிட்டால் கடி தெரியும், மீன் வராது. பல்லுக்கு முன் எந்த நூலும் நிற்காது, உறுதிக்குப் பெயர்போன செயற்கை இழையான கெவ்லாரும் விதிவிலக்கல்ல. முள்ளுக்கும் வளையத்துக்கும் நடுவே கம்பி இழை கட்டிய அசிஸ்ட்டோ, வாலில் ஸ்பிளிட் ரிங்கோடு (சாவிக்கொத்து வளையம்போல் சுருள் கம்பி வளையம்) நேரடியாக மாட்டிய முள்ளோதான் அங்கே சரி.

நூலின் நீளம்

முள் எத்தனை நல்லதாக இருந்தாலும் அதன் நூல் தவறான நீளத்தில் இருந்தால் பயனில்லை. முன்முள் தொங்கும்போது அதன் வளைவு ஜிக்கின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். 15 செ.மீ. ஜிக் என்றால் 5 செ.மீ. அளவில். பின்முள்ளும் வாலிலிருந்து அதே அளவு. நடுவே 5 செ.மீ. காலியாக இருந்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று பிடிக்காது. நூல் நீண்டால் முள் மேலே புரண்டு லீடரைச் சுற்றிக்கொள்ளும். மிகக் குறுகினால் முள் ஜிக்கின் தலையிலேயே முட்டி நிற்கும், மீனின் வாய்க்குள் சுதந்திரமாகப் போகாது. இரட்டை முள்ளில் இரண்டு நூலையும் ஒரே நீளத்தில் கட்டாமல் ஒன்றை 1 செ.மீ. குறைத்தால் இரண்டும் பின்னிக்கொள்வது வெகுவாகக் குறையும்.

நூல் துவண்டு கிடந்தாலும் சுற்றும். பின்னல் நூலின் உள்ளே ஃப்ளூரோகார்பன் நரம்பு செருகியவை விறைப்பாக நிற்கும், முள்ளை ஜிக்கிலிருந்து தள்ளியே வைக்கும். சிறிய ஜிக்குகளுக்கு இதைத்தான் பரிந்துரைப்போம். கெவ்லார் உராய்வைத் தாங்கும். ஆனால் வெயிலில் கிடந்தால் வலுவிழக்கும், திரும்பத் திரும்ப மடங்கும் இடத்தில் இழை விட்டுப்போகும். நிறம் மங்கிப் பஞ்சு பஞ்சாகப் பிரிந்த கெவ்லார் அசிஸ்ட் கையில் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அதை நம்பி இறக்க வேண்டாம்.

ரெடிமேட் அசிஸ்ட் வாங்கும்போது முள்ளைப் பார்ப்பதற்கு முன் கட்டைப் பாருங்கள். கட்டின் மேல் போர்த்தியிருக்கும் ஷ்ரிங்க் டியூபை (சூட்டில் சுருங்கும் குழாய் உறை) விரலால் நகர்த்திப் பார்த்தால் அசையக் கூடாது. காதுக்கு (தண்டின் மேல்நுனியில் உள்ள துளை) மேலே நூல் மென்மையாக மடங்க வேண்டும். அந்த இடம் குச்சி மாதிரி விறைத்திருந்தால் பசை நூலுக்குள் ஏறியிருக்கிறது என்று பொருள். பசை இறுகிய நூல் வளையாமல் ஒடியும், சரியாக அந்த விளிம்பில்தான் அறும். பாக்கெட்டில் உள்ள ஜோடிகள் எல்லாம் ஒரே அளவில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்பதும் முக்கியம்.

சொந்தமாகக் கட்டினால் நீளம் நம் கையில். 12 செ.மீ. நூலை இரண்டாக மடித்து, இரு நுனிகளையும் முனை இருக்கும் பக்கத்திலிருந்து காதுக்குள் நுழைத்துத் தண்டின் முதுகில் படுக்க வையுங்கள். அப்படி வைத்தால் இழுவை விழும்போது முனை வெளிப்பக்கம் திரும்பும். மெல்லிய பின்னல் நூலால் காதிலிருந்து கீழே 2 செ.மீ. வரை நெருக்கமாகச் சுற்றி, அதே வழியில் மேலே வந்து நான்கு அரை முடிச்சு. பிறகு முள்ளைக் காது மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு சுற்றின் நடுவில் ஒரு சொட்டு சூப்பர் குளூ. இந்த நிலையில் பசை வளைவை நோக்கித்தான் இறங்கும், நூலுக்குள் ஏறாது. நன்றாகக் காய்ந்த பிறகே ஷ்ரிங்க் டியூப். மேலே மிஞ்சும் 4 செ.மீ. நூல் வளையத்தை சாலிட் ரிங்கில் (வெட்டில்லாத முழு வளையம்) நுழைத்து, முள்ளை அந்த நூல் வளையத்துக்குள் விட்டு இழுத்தால் இறுகிவிடும். காதுக்கும் சாலிட் ரிங்குக்கும் நடுவே ஏறத்தாழ 3 செ.மீ. மிஞ்சும். கடைசியாக முள்ளை அசையாத கம்பியில் மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு, கைத்தராசால் 10 கிலோ வரை இழுங்கள். சுற்று ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும்.

மாட்டும் வரிசையும் பலம்தான். லீடர் சாலிட் ரிங்கில், அசிஸ்ட்டும் அதே சாலிட் ரிங்கில், ஸ்பிளிட் ரிங் ஜிக்கை மட்டும் தூக்க வேண்டும். இப்படி இருந்தால் ஸ்பிளிட் ரிங் விரிந்தாலும் ஜிக்தான் போகும், மீன் முள்ளிலேயே இருக்கும். அசிஸ்ட்டை ஸ்பிளிட் ரிங்கில் மாட்டினால் மீனின் முழுச் சுமையும் அந்தச் சுருள் கம்பியின் மேல் விழும்.

அசிஸ்ட் கட்டத் தனி முள்ளாகக் கிடைப்பவற்றில் மஸ்டாட் ஹூட்லம் 10827 நல்ல தேர்வு. குட்டைத் தண்டு, 4எக்ஸ் கம்பி. உயிர் இரைக்காக வந்த முள் என்றாலும் தடித்த ஒற்றை அசிஸ்ட்டுக்கு இதை நிறையப் பேர் எடுக்கிறார்கள். 8 கிலோவுக்கு மேல் டிராக் வைப்பவருக்கு ஏற்றது. ஸ்லோ பிட்ச்சுக்கு வேண்டாம், கம்பி அதிகம். ஷவுட் கர்வ் பாயின்ட் வகையில் முனை உள்நோக்கி வளைந்திருக்கும். ஒருமுறை ஏறினால் எளிதில் கழலாது, சண்டை நீளும் மீனுக்கு அது பெரிய ஆறுதல். நேர்முனை முள் ஏறுவதில் வேகம், எலும்பு நிறைந்த வாயில் அதுவே மேல். முனை மழுங்கினால் நேர்முனையைத் தீட்டுவது சுலபம், வளைமுனையைத் தீட்டுவது கடினம்.

ட்ரெபிளா, ஒற்றை முள்ளா

கரையிலிருந்து எறியும் 20 முதல் 40 கிராம் ஜிக்குகள் பல வாலில் ட்ரெபிளோடு (மூன்று முனை முள்ளோடு) வருகின்றன. சிறு மீன்கள் வாலைக் கொறிக்கும் நேரத்தில் மூன்று முனை நிச்சயம் கைகொடுக்கும். மீன் உருளத் தொடங்கினால்தான் சிக்கல். மூன்று முனையும் ஒன்றையொன்று நெம்பி முள் விரிகிறது, அல்லது வாய் கிழிகிறது. திரும்ப விட வேண்டிய மீனுக்கும் கழற்றும் கைக்கும் ட்ரெபிள் ஆபத்து.

ட்ரெபிளே வேண்டும் என்பவர்களுக்கு ஓனர் ஸ்டிங்கர் வரிசை தெளிவானது. எஸ்டி-36 சாதாரணக் கம்பி, எஸ்டி-41 2எக்ஸ், எஸ்டி-56 3எக்ஸ், எஸ்டி-66 4எக்ஸ். கரையிலிருந்து லேசான ராடில் எறிபவருக்கு 36 அல்லது 41 போதும். 66 முரட்டு மீனுக்கும் முரட்டு ராடுக்கும் உரியது. அதை லேசான ராடில் போட்டால் பலம் கூடாது, ஏறாத கடிகள்தான் கூடும்.

ஒற்றை முள்ளுக்கு மாறுபவர்கள் காதின் திசையைக் கவனிக்க வேண்டும். ஸ்பிளிட் ரிங்கில் நேராகத் தொங்க, காது முள்ளின் வளைவு இருக்கும் அதே தளத்தில் அமைந்த இன்லைன் வகை வேண்டும். சாதாரண முள்ளை மாட்டினால் பக்கவாட்டில் திரும்பி நின்று ஜிக்கைச் சுழற்றும். விஎம்சி 7237, மஸ்டாட் கைஜு, பிகேகே லோன் டியாப்லோ மூன்றும் இந்த வகை. ட்ரெபிள் 4 இருந்த இடத்தில் 1/0, 2 இருந்த இடத்தில் 2/0, 1 இருந்த இடத்தில் 3/0 என்று தொடங்கலாம். பிறகு சிறு தராசில் பழைய ட்ரெபிளையும் புதிய முள்ளையும் நிறுத்துப் பாருங்கள். எடை நெருங்கி வந்தால்தான் வால் பழையபடி ஆடும்.

ஈயத்தலை ஜிக்

ஈயத்தலையும் ரப்பர் மீனும் சேர்ந்த ஜிக்கில் காதின் கோணம்தான் முதல் கேள்வி. 90 பாகை என்றால் காது தலையின் உச்சியில் நிற்கும், ஜிக் கிடைமட்டமாகத் தொங்கும். செங்குத்தாக இறக்கி ஆட்டுவதற்கும் திறந்த நீரில் இழுப்பதற்கும் இது. 60 பாகையில் காது முன்னோக்கிச் சாயும், அடித்தரையில் இழுக்கும்போது கல்லில் முட்டினாலும் ஏறி வரும். 30 பாகைக்கு நெருங்கியவை செடிக்குள் நுழைய. மூக்கு கூராக இருப்பதால் தழை காதில் சேராது.

ரப்பரின் நீளத்துக்கு ஏற்ப அளவு: 7.5 செ.மீ. ரப்பருக்கு 1/0 அல்லது 2/0, 10 செ.மீ.க்கு 3/0, 12.5 செ.மீ.க்கு 4/0 அல்லது 5/0. முள் ரப்பரின் முதுகிலிருந்து வெளிவரும் இடம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் நடுவே இருக்கட்டும். அதைவிடப் பின்னால் போனால் வால் ஆடாது. முன்னாலேயே வந்துவிட்டால் வாலைக் கடிக்கும் மீன் முள்ளைத் தொடவே தொடாது. தடித்த உடல் ரப்பரில் இன்னொன்றும் பாருங்கள்: செருகிய பிறகும் முள்ளின் வாயில் பாதியாவது ரப்பருக்கு மேலே திறந்திருக்க வேண்டும்.

ஈகிள் கிளா 570 மெல்லிய கம்பி, 90 பாகை. கட்டை, கிளை நிறைந்த இடத்தில் இதன் பலவீனமே பயன்: சிக்கிக்கொண்டால் நிதானமாக இழுக்க வளைவு விரிந்து ஜிக் திரும்பக் கிடைக்கும். இடுக்கியால் வளைத்துச் சரிசெய்து அன்றைக்கு மட்டும் ஓட்டலாம், மறுநாள் மாற்றிவிடுங்கள். கொடுவா போன்ற முரடனுக்கு இந்த முள்ளைக் கொண்டு போக வேண்டாம்.

பூச்சும் கூர்மையும்

உப்பு நீரில் வெண்கல நிற முள் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். பிளாக் நிக்கல் பார்க்க அழகு, ஆனால் பூச்சு மெல்லியதாக இருக்கும் முனையிலும் எதிர்முள்ளிலும் துரு ஆரம்பிக்கும். வெள்ளீயப் பூச்சு உப்பில் நீண்ட நாள் நிற்கும். கடலுக்கென்றே வாங்குபவருக்கு அதைத்தான் சொல்வோம். கூர்மையைப் பார்க்க முனையைக் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுங்கள். பதிந்து நின்றால் கூர், வழுக்கினால் மழுங்கியது. அரம் போட்டால் கூர் வரும், ஆனால் பூச்சும் போகும். தீட்டிய முள்ளை அந்தப் பயணத்தோடு முடித்துக்கொள்வது நல்லது.

பலரும் விட்டுவிடுவது ஷ்ரிங்க் டியூபின் உள்பக்கம். கழுவாத அசிஸ்ட்டில் உப்புநீர் அங்கேதான் தங்குகிறது. வெளியே பளபளப்பாக இருக்கும் முள் டியூபுக்குள் அரித்துப்போயிருக்கும். வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நிழலில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடிய பெட்டியில் துருப்பிடித்த ஒரு முள் மற்றவற்றையும் கெடுத்துவிடும்.

தப்பிய மீனுக்குப் பின் மேலே வரும் முள்ளைப் படித்தாலே பிழை தெரியும். விரிந்திருந்தால் கம்பி போதவில்லை அல்லது டிராக் அதிகம். விரியாமல், முனையும் கூராக இருந்து கழன்றிருந்தால் முள் முழுதாக ஏறவில்லை. கம்பியை ஒரு படி மெல்லியதாக்குங்கள், அல்லது எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். அமுக்கிய முள் எளிதாக ஏறும், நரம்பைத் தளரவிடாமல் பிடித்தால் போதும். முனையில் வாய்த்தசைத் துணுக்கு ஒட்டியிருந்தால் மெல்லிய கம்பி சதையை அறுத்திருக்கிறது. டிராக்கைக் குறைத்து, அடுத்த முறை வாய் அகலமான முள். மீன்கள் முதுகிலும் வயிற்றிலும் மாட்டி வந்துகொண்டே இருந்தால் முள் அளவுக்கு மீறிப் பெரிது, அல்லது நூலின் நீளம் அதிகம். நூலை ஒரு சென்டிமீட்டர் குறைத்துக் கட்டிவிட்டு மறுபடி இறக்கிப் பாருங்கள்.